பெயர் எழுதாத படங்கள்

ஜவ்வாது மலையை அடுத்த செங்கம் வட்டாரத்தில் நடுகற்கள் மிகுதி. அவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. அவற்றுள் எடத்தனூர்க் கல் ஒன்றை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது அது. அருகில் நிற்கும் நாய்க்கும் பெயர் பொறித்துள்ளனர்: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதாம். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாயின் பெயரை நாம் அறிவோம். எழுத்தில்லாத கற்களையோ வேடியப்பன் என்று பொதுப்பெயரிட்டு வணங்குகிறோம். அவை எவருடையவை என்று சொல்வார் இல்லை.

நம் வீட்டுச் சுவர்களில் தொங்கும் நிழற்படங்களும் இன்று அந்நிலையிலேயே உள்ளன.

பழைய வடஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து நம் மக்கள் பெருந்திரளாகக் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். அங்கே நிறுவனத்தின் ஏட்டில் அவர்கள் பெற்றது எண்ணும் கைரேகையும்தான். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தமே நடந்தது. அத்தகையோர் கடைத்தெரு ஸ்டூடியோவில், கோட்டு அணிந்து, நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து எடுத்துக்கொண்ட படம் வெறும் அழகுப் பொருளன்று. பிறர் ஏட்டில் எண்ணாயிருந்தவர் தம்மை மனிதராகப் பதிவுசெய்த ஆவணம் அது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது; வேலை பார்த்த தலைமுறையும் குறைந்து வருகிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும்.

பள்ளிப் பதிவேடு இருக்கிறதே எனலாம். பழைய பதிவேடுகளைப் புரட்டிவரும் நாம் அறிந்ததைச் சொல்கிறோம்: முந்தைய தலைமுறையின் பிறந்த தேதிகளுள் பல, சேர்க்கை நாளில் ஆசிரியர் உத்தேசமாகப் போட்டவை. தாயின் பெயரோ பெரும்பாலும் இராது. படங்களிலும் பெண்களையே முதலில் மறக்கிறோம்; 'இன்னாரின் மனைவி' என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவர் பிறந்த ஊர், தாய்வீட்டில் அழைத்த பெயர் இரண்டையும் கேட்டெழுதுக.

படத்தின் பின்புறம், ஓரமாக, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுத வேண்டும். பேனா மை நாளடைவில் முன்புறம் ஊறும். இடமிருந்து வலமாகப் பெயர்கள், ஊர், ஆண்டு, நிகழ்ச்சி, சொன்னவர் யார் என்பன போதும். பசையும் ஒட்டுநாடாவும் ஆகா. கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் அப்படியே நகலெடுக்கலாம். அடுப்புப் புகையும் ஈரச்சுவரும் படத்திற்குப் பகை.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் திரட்டி நகலெடுத்துள்ளது. நிறுவனங்கள் படத்தைக் காக்கும். படத்திலிருப்பவர் யார் என்பதை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

எவரும் அடையாளம் காட்டாத முகத்தையும் விட்டுவிடலாகாது. 'பெயர் தெரியவில்லை' என்று எழுதி, எவரெவரை எந்நாளில் கேட்டோம் என்பதையும் குறித்து வைப்போம். அடுத்துக் கேட்பவர் அங்கிருந்து தொடங்குவார்.