இணையவழித் தரவுத்தளச் சேவைகள் (வணிகக்குறி வகைப்பாடு)

வணிகக்குறிப் பதிவு விண்ணப்பத்தில், இணையத்தின் வழியே தரவுத்தளம் ஒன்றைத் தொகுத்தல், அணுகத் தருதல், அதன் தகவலை வழங்குதல் ஆகிய பணிகளை உரிய வகுப்புகளில் சேர்க்கும் முறை இதுவாகும். இதற்கு அடிப்படை, 1957இல் கையெழுத்தான நீஸ் உடன்படிக்கையின் கீழ் உலக அறிவுசார் சொத்து அமைப்பு நிர்வகிக்கும் பன்னாட்டு வகைப்பாடாகும். இதில் பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என 45 வகுப்புகள் உள்ளன.

தரவுத்தளம் என்ற சொல் மட்டும் வகுப்பை முடிவுசெய்வதில்லை. சேவையின் தன்மையே முடிவுசெய்கிறது. பதிவிறக்கத்தக்க தரவுத்தளம் பொருளாகக் கருதப்பட்டு 9ஆம் வகுப்பிலும், பிறருக்காகத் தகவலைத் தரவுத்தளமாகத் தொகுத்தல் 35இலும், தொலைத்தொடர்பு வழி அணுகல் தருதல் 38இலும், தரவுத்தள மென்பொருளை இணையத்தில் பயன்படுத்தத் தருதல் 42இலும் அடங்கும். தகவல் வழங்கும் சேவை அத்தகவலின் பொருண்மையைப் பின்பற்றுவதால், நிதித் தகவல் 36இலும், மருத்துவத் தகவல் 44இலும், சட்டத் தகவல் 45இலும் இடம்பெறும்.

முன்பு கணினிச் சேவைகளோடு பல்வகைச் சேவைகளையும் கொண்டிருந்த 42ஆம் வகுப்பு, 2002இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் பிரிக்கப்பட்டு, 43, 44, 45 ஆகிய வகுப்புகள் உருவாயின. இந்தியா 2019இல் உடன்படிக்கையில் இணைந்தது. எனினும் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, இயன்றவரை பன்னாட்டு வகைப்பாட்டைப் பின்பற்ற முன்னரே வகைசெய்திருந்தது. வகுப்பு குறித்த ஐயத்தில் பதிவாளரின் முடிவே இறுதியானது. ஒரே விண்ணப்பத்தில் பல வகுப்புகளைக் கோரலாம். கட்டணம் வகுப்புதோறும் செலுத்தப்பட வேண்டும்.