மண்டலம்

திருவான்மியூர்க்காரருக்கு மண்டலம் என்றால் முதலில் மாநகராட்சிதான்: 13-ஆவது, அடையாறு மண்டலம். சித்த மருந்து சாப்பிடுவோருக்கு அது 48 நாள் (மருந்தீசுவரர் ஊரல்லவா!). வடமொழிச் சொல், வட்டம் என்பது அடிப்பொருள்.

அந்த வட்டத்தை அரசியலாக்கியது அர்த்தசாஸ்திரம். நடுவில் வெற்றியை நாடும் அரசன். எல்லையை ஒட்டியிருப்பவன் பகைவன். பகைவனுக்கு அப்பால் இருப்பவன் நண்பன். மைசூரில் ஆர். சாமாசாஸ்திரி 1909-இல் இந்நூலை அச்சேற்றினார். ஆனாலும் பன்னாட்டு உறவுப் பாடம் பெரும்பாலும் 1648-ஆம் ஆண்டு வெஸ்ட்ஃபாலியா உடன்படிக்கையில்தான் தொடங்குகிறது, அதற்குமுன் உலகில் யாரும் தூதே அனுப்பாததுபோல.

தென்கிழக்கு ஆசியாவை ஆராய்ந்த ஓ. டபிள்யூ. வோல்டர்ஸ் 1982-இல் வெளியான தம் நூலில் இச்சொல்லை எடுத்தாண்டார். ஸ்ரீவிஜயம் போன்ற அரசுகளுக்குக் கோடு கிழித்த எல்லை கிடையாது. அதிகாரம் மையத்தில் வலுத்து, ஓரத்தில் மங்கும். ஒருவர் வட்டம் இன்னொருவர் வட்டத்தின்மேல் படியும்.

தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் மண்டலம் வேறு. தொண்டை மண்டலம் ராஜராஜன் காலத்தில் ஜெயங்கொண்ட சோழ மண்டலம் ஆனது. அது நாட்டுப் பிரிவின் பெயர். அதில் வோல்டர்ஸின் பொருளை ஏற்றிப் படிப்பது பிழை.