துடைக்கும் கை: கம்பிப் பூச்சின் வரலாறு

பூசுதல், மெழுகுதல், அப்புதல், தடவுதல், தோய்த்தல் எனப் பூச்சு வேலைக்குத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. முலாம், கலாய் என்று உருது வழியே வந்தவையும் நம் வழக்கில் கலந்துவிட்டன. ஆயினும் 'துடைத்தல்' என்ற சொல்லை நாம் ஒருபோதும் இந்த வரிசையில் வைத்து எண்ணியதில்லை. அப்படி எண்ணாதது பிழை என்று நமக்கு உணர்த்தியது அரியமங்கலம்.

தஞ்சாவூர்ச் சாலையில், அரியமங்கலம் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம், நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் இரும்புக் கட்டுமானப் பட்டறையில் பணிபுரிகிறார். பார்க்கப் போனபோது பற்றவைப்புக் கருவியில் செந்நிறக் கம்பிச்சுருள் ஒன்று மாட்டியிருந்தது. "செம்பா?" என்றோம். "இரும்புதான் ஐயா. மேலே மட்டும்தான் செம்பு. நகத்தால் சுரண்டினால் போய்விடும், ஆனால் அது சரியாக இல்லாவிட்டால் எங்கள் வேலை கெட்டுவிடும்" என்றார். கம்பியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதன் மேலுள்ள செம்போ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. கல்லும் செப்பேடும் தேடி அலையும் நமக்கு இந்தச் செம்பின் வரலாற்றையும் தேடினால் என்ன என்று தோன்றியது.

தொடக்கத்தை நம் தெருவிலேயே காணலாம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் வாசலில் உலை மூட்டுவதைக் கண்டவர்கள் நினைவுகூர்வார்கள். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத் தூளைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் தேய்ப்பார்கள். வெண்புகை எழும். கண் எரியும். சிறுவர்கள் வியந்து பார்ப்பது ஈயம் உருகும் கணத்தை. உண்மையான வித்தையோ அடுத்த நொடியில் இருக்கிறது. பஞ்சாலோ பழந்துணியாலோ ஒரே சுழற்றாகச் சுழற்றித் துடைத்து, வேண்டாத ஈயத்தை எடுத்துவிடுவார் அந்தத் தொழிலாளி. எஞ்சியதே பூச்சு. துடைப்பு தாமதித்தால் ஈயம் திரளும்; முந்தினால் பித்தளை தெரியும்.

பாத்திரம் நின்ற இடத்தில் நிற்கும். கம்பியோ ஓடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1837ஆம் ஆண்டு பிரான்சில் ஸ்டனிஸ்லாஸ் சோரெல் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்துத் துருவைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். தந்திக் கம்பியும் வேலிக் கம்பியும் உலகெங்கும் பரவிய காலத்தில் இம்முறை கம்பிக்கு வந்தது. அமிலத்தில் கழுவிய கம்பி நவச்சாரம் கலந்த கரைசலில் நனைந்து (நம் தெருவின் அதே நவச்சாரம்தான்), ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகி நிற்கும் துத்தநாகத் தொட்டியில் மூழ்கி மேலெழும். எழும்போது அது இழுத்துவரும் உலோகம் தேவையைவிட மிகுதி. ஆகவே தொட்டியின் வாயிலிலேயே அதைத் துடைத்தாக வேண்டும். கனமான பூச்சுக்கு எண்ணெய் தோய்ந்த கரித்தூள் படுகையின் வழியே கம்பியைச் செங்குத்தாக மேலிழுத்தனர். மெல்லிய பூச்சுக்குக் கல்நார்த் திண்டுகளின் நடுவே அழுத்தி இழுத்தனர். நைட்ரஜன் வளிமத்தைப் பீய்ச்சித் துடைப்பது பிற்காலத்து ஏற்பாடு. கல்நார் நுரையீரலை அரிக்கும் என்பதை உலகம் ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அத்திண்டுகளை நாள்தோறும் இறுக்கித் தளர்த்திய கைகள் யாருடையவை? காப்புரிமை ஏடுகளில் சோரெலுக்கு இடமுண்டு; அவர்களுக்கு இல்லை.

துடைக்காமல் விட்டால் என்ன ஆகும்? மார்கழி விடியலில் சிலந்தி வலையைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். இழை நெடுகச் சீராகப் படிந்த நீர் சீராகவே நிற்பதில்லை, மணிமணியாகத் திரண்டுவிடுகிறது. நீர்மத் தாரை இப்படி மணிகளாக உடைவதன் அளவை ஆராய்ந்தவர் பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ. பார்வையை முற்றும் இழந்த பிறகு, பிறர் கண்களின் துணையோடு சோதனைகள் நடத்தி, 1873இல் நூலாக வெளியிட்டார். கம்பி மேலுள்ள பூச்சுக்கும் இதே விதி உண்டு. பூச்சு மெல்லியதாக இருந்தால் திரளுதல் மெதுவாக நிகழும். திரளும் முன்பே அது உறைந்தோ உலர்ந்தோ விட்டால் நாம் பிழைத்தோம்.

இழுக்கும் வேகத்துக்கும் ஒட்டிவரும் நீர்மத்தின் கனத்துக்கும் உள்ள உறவை 1942இல் லாந்தாவ், லெவிச் என்னும் சோவியத் அறிஞர் இருவர் கணக்கிட்டனர். மெல்லிய படலமாக இருக்கும்வரை, வேகம் 8 மடங்கானால் கனம் 4 மடங்காகும் என்பது அவர்கள் கணக்கின் சாரம். நிதானமாக இழுத்தால் மெல்லியதாகவும், விரைந்து இழுத்தால் தடித்தும் படியும். பொதுப்புத்தி இதற்கு நேர்மாறாக எண்ணும். விரைந்தால் நீர்மம் ஒட்ட நேரமிராது என்றே நாமும் எண்ணியிருந்தோம். உற்பத்தியைப் பெருக்க விரும்பும் முதலாளிக்கும் சீரான பூச்சைக் காக்க விரும்பும் தொழிலாளிக்கும் இடையே இழுபறி எழ இக்கணக்கு இடம் தருகிறது.

இனித் திருச்சிக்கு நெருங்கிய கதை. சுவீடன் நாட்டு ஆஸ்கார் ஷெல்பெரி கப்பல்களின் நீராவிக் கொதிகலன்களைப் பழுதுபார்த்த பொறியாளர். வெறும் இரும்புக் கம்பியால் பற்றவைத்தால் காற்றின் ஆக்சிஜனும் நைட்ரஜனும் புகுந்து இணைப்பு நொறுங்கியது. கம்பித் துண்டுகளைக் கார்பனேட்டும் சிலிக்கேட்டும் குழைத்த கூழில் தோய்த்து உலர்த்தினார். எரியும்போது அப்பூச்சு புகையும் கசடுமாகி உருகிய இரும்பை மூடிக் காத்தது. 1907இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தோய்த்தெடுத்த கூழ் ஒருபுறம் வழிந்து தடித்தால் சுடர் கோணும், இணைப்பு பழுதாகும். எனவே 1927 வாக்கில் அமெரிக்காவில் தோய்ப்பதை விட்டு, நாம் முறுக்கு பிழிவதுபோல, கம்பியைச் சுற்றிப் பூச்சுக் கலவையை அச்சில் அழுத்திப் பிழியும் முறைக்கு மாறினர். கம்பி அச்சின் நட்டநடுவே செல்கிறதா என்பதே அங்கும் கேள்வி.

கொதிகலனுக்காகப் பிறந்த அந்தக் குச்சி கொதிகலன் நகரத்துக்கு வந்தது இயல்பே. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு இடம்பெயர்ந்த இரயில்வே பணிமனை நீராவி என்ஜின்களைப் பேணியது. 1965இல் திருவெறும்பூர்ப் பகுதியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1975இல் அங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. ஆலைக்குத் துணையாக அரியமங்கலத்திலும் துவாக்குடியிலும் பட்டறைகள் பெருகின. பெரிய மின்நிலையக் கொதிகலனில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல் அழுத்தம் நிற்கும். அதைத் தாங்கும் குழாய் இணைப்பு ஒவ்வொன்றின் பின்னாலும் சீராகப் பூசிய கம்பி ஒன்று இருக்கிறது.

மாணவர் காட்டிய செம்புக் கம்பி இவ்வரிசையில் பின்னால் வந்தது. 1950களில் கரியமில வாயுப் போர்வையில், சுருளிலிருந்து இடைவிடாது வரும் கம்பியால் பற்றவைக்கும் முறை தோன்றியது. தூய இரும்புக் கம்பி மயில்துத்தக் கரைசலூடே விரையும்போது, இரும்பு சிறிது கரைந்து அதன் இடத்தில் செம்பு படிகிறது. அதிகம் தங்கினால் செம்பு பொடிப்பொடியாகத் தளர்ந்து படியும். குறைவாகத் தங்கினால் இடையிடையே இரும்பு தெரியும். தொட்டியில் பழைய கரைசல் தேங்காமல் புதியது பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். வெளிவரும் கம்பி இழுத்துவரும் நீரைக் காற்றை ஊதியோ கம்பளித் திண்டாலோ துடைக்கிறார்கள். பின்னர்ச் சன்னத் துளையுள்ள அச்சின் வழியே இழுத்துச் செம்பை இறுக்குகிறார்கள். தெரு வாசலின் பழந்துணி இங்கே அச்சாகவும் காற்றாகவும் மாறியிருக்கிறது.

விடைபெறும்போது மாணவர் கருவியின் முனையைக் கழற்றிக் காட்டினார். கம்பி வெளிவரும் அச்சிறு துளையில் செந்நிறத் தூள் அடைத்திருந்தது. "பூச்சு உரிகிற சுருள் வந்தால் இப்படி ஆகும் ஐயா. நடுவில் சுடர் நின்றுவிடும். நின்ற இடத்தைச் செதுக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்." தூளைத் தட்டிவிட்டு, முனையைத் துணியால் துடைத்து மீண்டும் பொருத்தினார். செம்பே பூசாத கம்பிகளும் இப்போது வருகின்றனவாம். அவருடைய பட்டறையில் இன்னும் வாங்கவில்லை.