கையோடு கட்டிய விசை: மின் ஸ்கேட்போர்டு ரிமோட்டின் உழைப்பு குறித்து, நாரணாபுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் இடமும்

மின் ஸ்கேட்போர்டில் ஹேண்டில்பார் இல்லை, பிரேக் மிதியும் இல்லை. வேகம், நிறுத்தம் இரண்டும் ஓட்டுபவரின் கையிலுள்ள ரிமோட்டிலிருந்து வானலை வழியே மோட்டாருக்குப் போகின்றன. கம்பியில்லா ரிமோட்டால் இயங்கும் பலகைக்கு அமெரிக்கரான லூயிஸ் ஃபிங்கிள் 1999இல் காப்புரிமை பெற்றார். 2012இல் மக்களிடம் முன்பணம் திரட்டித் தொடங்கிய பூஸ்டட் நிறுவனம் இந்த வண்டியைப் பரவலாக்கி, 2020இல் மூடப்பட்டது. பலகைகள் ஓடிக்கொண்டிருக்க, உதிரிபாகம்தான் அரிதாயிற்று. ஆகவே உள்ளூரில் திறந்து பழுது பார்க்க முடியாத ரிமோட்டை, எத்தனை கெட்டியாக இருந்தாலும், உழைக்கும் பொருள் என்று நான் ஏற்க மாட்டேன்.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தை ஆய்வுக்களமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. கரிசல் தூசி, கோடையில் 40 பாகையை எட்டும் வெயில், ஓயாத வியர்வை, பட்டாசு வேலையில் கைரேகைக்குள் படியும் அலுமினியத் தூள் என ரிமோட்டைக் கெடுக்கும் அத்தனையும் இங்கே ஒன்றுகூடி நிற்கின்றன.

2. உழைப்பு என்பதன் பொருள்

பட்டாசு ஆலையின் அறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்படுவதில்லை. இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக நிற்கின்றன. மருந்து கையாளும் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஓர் அறை போனாலும் அடுத்த அறை பிழைக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் நோக்கம். விபத்தே வராது என்று நம்பி யாரும் அப்படிக் கட்டவில்லை. வந்தால் எவ்வளவோடு நிற்கும் என்று கணக்கிட்டுக் கட்டினார்கள். அந்த விதி மீறப்பட்ட இடங்களில் எத்தனை வீடுகளில் ஒப்பாரி எழுந்தது என்பதை இந்த வட்டாரம் அறியும்.

ரிமோட்டுக்கும் இதே அளவுகோல்தான் வேண்டும். உடையாத ரிமோட் என்று ஒன்று கிடையாது. உடையும் நேரத்தில் ஓட்டுபவரைக் கீழே தள்ளாத ரிமோட்டைச் செய்ய முடியும்.

3. கையில் அதன் இடம்

விழுகிறவன் உள்ளங்கையைத்தான் முதலில் ஊன்றுவான். எனவே உள்ளங்கையில் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே இருக்கும் ரிமோட் பெட்டி தானும் நொறுங்கி, மணிக்கட்டையும் முறிக்கும். ஆகவே ரிமோட்டைக் கையோடு கட்டி, பெட்டி புறங்கையில் அமரட்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைச் சக்கரம் மட்டும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், கட்டைவிரலுக்கு எட்டும்படி நிற்கட்டும்.

கையில் பிடிக்கும் ரிமோட் விழுந்தால் தெறித்துப் போய்விடும். கட்டிய ரிமோட் போகாது என்பதே அதன் சிறப்பு, அதுவே அதன் ஆபத்தும். விழும்போது விரல் சக்கரத்தை அழுத்தியபடி சிக்கிக்கொள்ளலாம். இதற்காக நடுவிரலடியில் ஒரு தனி விசை வேண்டும்: அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் மோட்டார் உந்தும், விட்டால் உந்துதல் நிற்கும்.

4. விசைச் சக்கரம்

ரிமோட் முதலில் சாகும் இடம் இதுதான். மலிவான ரிமோட்டுகளில் சக்கரத்தின் அடியில், பழைய ரேடியோவின் ஒலிக்குமிழில் இருப்பது போன்ற கரித்தடம் இருக்கும். அதன்மேல் ஓர் உலோக முள் உரசி உரசி அளவைச் சொல்கிறது. தூசி புகுந்தால் தடம் அரிபடும். அரிபட்ட இடத்தில் அளவு துள்ளும், பலகையும் துள்ளும். அலுமினியத் தூள் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் சேதம் இரட்டிப்பு.

இதற்கு மாற்று, எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவில் இயங்கும் உணரி. சக்கரத்தில் ஒரு சிறு காந்தம். சுவருக்கு அப்பால், அடைத்து மூடிய பகுதியில் உணரி. இரண்டும் தொடுவதில்லை என்பதால் தேய்மானம் இல்லை, தூசிக்கும் வழியில்லை. ஆனால் ஒரே உணரியை நம்பக் கூடாது. எதிரெதிராக ஏறி இறங்கும் இரண்டை வைத்து, இரு அளவுகளின் கூட்டுத்தொகை மாறாதிருக்கிறதா என்று நொடிக்குப் பலமுறை பார்க்க வேண்டும். மாறினால் சக்கரம் எங்கே இருந்தாலும் உந்துதல் பூச்சியம். காரின் மின்னணு ஆக்சிலரேட்டரும் இரட்டை உணரிகளையே நம்புகிறது.

5. வானலை அறுந்தால்

இந்த ரிமோட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அந்த அலையின் நீளம் 12.5 செ.மீ. நீர் நிறைந்த மனித உடல் அதை விழுங்கிவிடும். கை முதுகுக்குப் பின்னால் போனாலே தொடர்பு தடுமாறும் என்பதால், ஆன்டெனா புறங்கைப் பக்கம் வெளிநோக்கி இருக்க வேண்டும்.

மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் பலகை நொடிக்கு 7 மீட்டர் போகிறது. தொடர்பு அறுந்ததைக் கால் நொடியில் கண்டுகொண்டால் வீணாகும் தூரம் 2 மீட்டருக்குள் அடங்கும். அதன்பின் திடீரென பிரேக் போட்டால் ஓட்டுபவர் முன்னே பறப்பார். அப்படியே உருளவிட்டால் சரிவில் அடங்காது. மேடுபள்ளம் குறைந்த இந்தக் கரிசல் வெளிக்கு மெல்ல ஏறும் இளம் பிரேக்கே சரி என்பது என் முடிவு.

6. உறையும் மின்கலமும்

முப்பரிமாண அச்சில் எளிதாக வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், 60 பாகையை நெருங்கும்போதே இளகும். வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் அது தாங்காது. நைலான் உறை, பித்தளை மரை, சிலிகோன் வளையம் போதும். லித்தியம் மின்கலத்தை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், சூடு தணியும்வரை மறுக்கும் சுற்று உள்ளே இருக்க வேண்டும்.

7. ஆலை வாசல்

கட்டிய பொருளைக் கை மறந்துவிடும். அதோடு பட்டாசு ஆலைக்குள் போய்விடுவதுதான் ஆபத்து. உலர்ந்த காற்றில் மனித உடலில் 10,000 வோல்ட் நிலைமின்சாரம் ஏறினால் அதிலுள்ள ஆற்றல் சுமார் 5 மில்லிஜூல். நுண்ணிய மருந்துக் கலவைக்கு அந்தச் சிறு பொறியே அச்சம் தருவது. நைலான் பட்டை உரசினால் மின்னேற்றம் கூடும். ரிமோட்டின் உள்ளே இருப்பதோ மின்கலமும் வானலைக் கருவியும். அதனால் பட்டை தொலைவிலிருந்தே கண்ணில் படும் ஆரஞ்சு நிறத்தில், ஒரே இழுப்பில் கழலும்படி இருக்க வேண்டும். இங்கே இந்த ரிமோட்டைச் செய்ய முனையும் இளைஞர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே: செல்போனை ஒப்படைக்கும் அதே வாசலில் இதையும் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள்.