ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தல்: ஊர்க் களமும் கபடி ஏலமும்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து மானாவாரி ஊர்களில் சடுகுடு என்ற பெயரில் நெடுங்காலம் ஆடப்பட்டுவந்த கபடியில், அணி என்பது ஊரையோ தெருவையோ குறித்ததால், அதற்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு ஆடி ஓய்ந்த மூத்த ஆட்டக்காரர் ஒருவரிடம் இயல்பாகவே வந்து சேர்ந்தது. களத்தில் ஏழு பேர்தான் நிற்க முடியும் என்பதால், பாடிச் சென்று எதிரணியைத் தொட்டுத் திரும்பும் ரெய்டர்கள் எத்தனை பேர், இரு கோடிகளிலும் நின்று கணுக்காலைப் பிடிக்கும் கார்னர்கள் யார், அவர்களுக்கு உட்புறமாக நின்று தடுக்கும் கவர்கள் யார் என்று அவர் கணக்கிட வேண்டியிருந்தது. போட்டிக்கு எடை வரம்பு வைக்கப்பட்டிருந்தால், பலசாலியைக்கூட வெளியே நிறுத்திவிட்டு மெலிந்தவனை இறக்க நேர்ந்தது. பரிசுத்தொகை பெரிதாக இருந்தால் வெளியூர் ஆட்டக்காரரை வரவழைத்துக் களமிறக்கும் பழக்கமும் இருந்தமையால், காசு கொடுத்து ஆள் சேர்ப்பது தொலைக்காட்சி லீக்குகளின் கண்டுபிடிப்பு என்று கொள்வதற்கில்லை.

இவ்வட்டாரத்தில் தேர்வின் வரலாறு ஓரளவுக்கு நிர்வாக எல்லைகளின் வரலாறும் ஆகும். 1995-இல் பெரம்பலூர் தனி மாவட்டமாகும்வரை, வருவாய் மாவட்டத்தை அலகாகக் கொண்ட பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஜெயங்கொண்டத்து மாணவனும் வேப்பந்தட்டை மாணவனும் திருச்சிராப்பள்ளி அணியில் இடம்பெறவே போட்டியிட வேண்டியிருந்தது. அரியலூர் 2001-இல் பிரிக்கப்பட்டு, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் நிலையாகத் தனி மாவட்டமானது. பன்னிருவர் கொண்ட ஓர் அணிக்குப் பதில் மூன்று அணிகள் உருவாகும்போது திறமை மும்மடங்காகிவிடுவதில்லை என்றாலும், தேர்வாளரின் கண்ணில் படுவோரின் எண்ணிக்கை கூடுகிறது. வட்டார ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை, பின்னாளில் வந்த எந்த ஏலத்தையும்விட இம்மாற்றமே பெரியது எனலாம்.

மாவட்ட அணிக்கு மேலே இருந்தவை ரயில்வே, காவல் துறை, மின்வாரியம் போன்ற நிறுவன அணிகள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலையே அங்கு ஆட்டக்காரருக்கான ஊதியம் என்பதால், ஒருமுறை தேர்வானவர் ஓய்வு பெறும்வரை அந்நிறுவனத்திலேயே இருந்தார். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்ற தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் மின்வாரியத்தில் பணியாற்றியது இம்முறைக்குத் தக்க சான்று.

2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக், ஆட்டக்காரரை ஏலத்தில் எடுத்துப் பருவந்தோறும் வைத்துக்கொள்ளவோ விடுவிக்கவோ உரிமையாளருக்கு அதிகாரம் அளித்தது. 2017-இல் இதில் நுழைந்த தமிழ்த் தலைவாஸ் நிர்வாகத்தின் தொடக்ககால முடிவுகள் ஊர்க் களத்துக் கணக்கின்படி பார்த்தால் தேறமாட்டா. முதல் பருவத்தில் அஜய் தாக்கூரைத் தலைவராக்கியும் அணி தன் பிரிவில் கடைசி இடமே பெற்றது. அடுத்த ஆண்டு மஞ்சீத் சில்லரும் ஜஸ்வீர் சிங்கும் சேர்க்கப்பட்டும் பிரிவில் அதே இடம். 2019-இல் ராகுல் சவுத்ரியும் வந்துசேர்ந்தபின் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது இடம். தனித்தனியே இவர்கள் அனைவரும் சிறந்தவர்களே. ஆனால் புகழின் உச்சத்தைக் கடந்துகொண்டிருந்தவர்களைப் பெயருக்காகத் திரட்டியபோது, யார் எந்த இடத்தில் நிற்பது என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று.

2021-22 பருவத்தில் நிர்வாகம் பழைய பெயர்களை விட்டு இளைஞர்களை நாடியது. பதினோராம் இடமே கிடைத்தபோதிலும், சாகர் ராட்டி என்ற கார்னர் அப்பருவத்தின் முன்னணிப் பிடிப்பாளர்களுள் ஒருவராக உருவானார். தரவரிசையை மட்டும் பார்ப்பவர் இந்த ஆதாயத்தைத் தவறவிடுவார். 2022-இல் 2.26 கோடி ரூபாய்க்கு, லீக்கில் அதுவரை இல்லாத விலையில், பவன் செராவத் வாங்கப்பட்டு முதல் ஆட்டத்திலேயே காயமுற்று வெளியேறியபோது, ஏலத்துக்கு வராமல் இளம் வீரர் ஒதுக்கீட்டின் வழியே சேர்க்கப்பட்ட நரேந்தர் ரெய்டுச் சுமையை ஏற்றார். பயிற்சியாளர் உதயகுமார் விலகி அஷன் குமார் பொறுப்பேற்ற அப்பருவத்தில் அணி முதன்முறையாக அரையிறுதியை எட்டி, புனேரி பல்டனிடம் 37-39 என்ற புள்ளிக்கணக்கில் தோற்றது. பெருவிலை ஆட்டக்காரர் இல்லாமல் கிடைத்த இவ்வெற்றியிலிருந்து நிர்வாகம் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2024-இல் சச்சினுக்கு 2.15 கோடி கொடுத்தும் ஒன்பதாம் இடத்தைத் தாண்டவில்லை.

பெயரில் தமிழ் இருந்தும் தமிழகத்து ஆட்டக்காரர்கள் அணியில் சிலரே என்ற குறை பரவலாகச் சொல்லப்படுவது. வெற்றிதான் அளவுகோல் என்றால் பிறப்பிடம் பொருட்டன்று என்ற மறுமொழி நியாயமானதே. ஆனால் அந்த அளவுகோலின்படியும் ஒரு முடிவு விளங்காததாகவே இருக்கிறது. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்தவரும் 2016-இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்றவருமான தர்மராஜ் சேரலாதன், தமிழ்த் தலைவாஸ் தோன்றிய பின்னும் புனே, மும்பை, ஹரியாணா, ஜெய்ப்பூர் அணிகளுக்கே கார்னரில் நின்று பிடித்தார். மீண்டும் திரும்பிய உதயகுமாருடன் பயிற்சிப் பொறுப்பேற்று 2024-இல் அவர் தமிழ்த் தலைவாஸ் அணிக்கு வந்தபோது அவருடைய ஆட்டக்காலம் முடிந்திருந்தது.