டயல் மாற்றிய கடிகாரம்

போன மாதம் விழுப்புரத்தில் என் பேரன் ஒரு பழைய எச்.எம்.டி. பைலட் வாட்ச் வாங்கி வந்தான். கறுப்பு டயல், 17 கல், சாவி கொடுக்கிற மெஷின். நன்றாக ஓடுகிறது. ஆனால் அந்தக் கறுப்பு டயலைக் கழற்றிவிட்டுப் பச்சை டயல் போடப் போகிறானாம். பச்சை டயல் தபாலில் வந்தும் விட்டது. "உங்க காலத்துல இதெல்லாம் உண்டா தாத்தா?" என்று கேட்டான்.

உண்டு. ஆனால் ஆசைக்காக யாரும் செய்ததில்லை.

அந்தக் காலத்து டயல் என்பது மெல்லிய பித்தளைத் தகடு. அதன் மேல் வெள்ளிப் பூச்சோ வர்ணமோ, அதற்கும் மேல் வார்னிஷ். நம் பக்கத்து வியர்வையும் கடற்காற்று ஈரமும் சாவித் தண்டு வழியாக உள்ளே போகும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் மெஷின் பிழைத்துக்கொள்ளும். டயல் பிழைக்காது, தேமல் மாதிரி புள்ளி விழுந்து, எண்கள் உரிந்துவிடும். புது வாட்ச் வாங்கலாம் என்றால் வெளிநாட்டுச் சரக்குக்குக் கடும் கட்டுப்பாடு. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கைகொடுக்க, பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரம் செய்ய ஆரம்பித்தது 1961-இல். முதல் கடிகாரங்களை நேருவே வெளியிட்டார். கல்யாண மாப்பிள்ளைகள் கையில் ஜனதாவும் பைலட்டும் ஏறியது அதற்குப் பிறகுதான். அதனால் கையில் இருக்கிற பழைய வாட்சுக்கு முகத்தை மட்டும் புதுப்பிக்கிற தொழில் வளர்ந்தது. அதற்குப் பேர்போன ஊர் பம்பாய். பழைய பூச்சைச் சுரண்டி, மறுபடி வர்ணம் பூசி, கம்பெனிப் பெயரையும் எண்களையும் திரும்ப அச்சடித்துவிடுவார்கள்.

அப்படி நானும் ஒரு வாட்சைக் கொடுத்தேன்.

என் சித்தப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டாம்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். முதல் சம்பளத்தில் மர்ஸேயில் வாங்கிய லிப் வாட்ச் அவரிடம் இருந்தது. வட்ட டயல், ஆறு மணி இடத்தில் தனியாக ஒரு குட்டி விநாடி முள். லிப் என்பது பெசான்ஸோன் நகரத்துக் கம்பெனி, 1867-இல் லிப்மன் என்பவர் தொடங்கியது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த டயலின் அடியில் பொடி எழுத்தில் பிரான்ஸில் செய்தது என்று பிரெஞ்சில் போட்டிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தது நினைவிருக்கிறது. 1972-இல் எனக்குத் திண்டிவனம் தாலுகா ஆபீசில் வேலை கிடைத்தபோது அதைக் கழற்றி என் கையில் கட்டிவிட்டார்.

அடுத்த வருஷம் அந்த லிப் பெயர் உலகமெல்லாம் அடிபட்டது. ஆட்குறைப்பு வருகிறது என்று தெரிந்ததும் தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றி, கடிகாரங்களை மறைத்துவைத்து, தாங்களே செய்து தாங்களே விற்றார்கள். முன்னே நின்றவர் சார்ல் பியாஜே. ஆகஸ்டில் போலீஸ் வந்து ஆலையைக் காலி செய்தது. சித்தப்பா அதையெல்லாம் பிரெஞ்சுப் பேப்பரில் தேடித் தேடிப் படித்தார். "உன் கையில இருக்கிறது அவங்க கை வேலைடா" என்பார்.

அந்த ஐப்பசியில்தான் நான் அதைக் கெடுத்தேன். ஜமாபந்திக் கணக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடைமழையில் சைக்கிளில் போனேன். மறுநாள் கண்ணாடிக்குள் பனி படர்ந்தது. இரண்டு மாதத்தில் டயல் பாதி கறுத்துப்போனது. பஸ் ஸ்டாண்டுக்கு அருகே ரிப்பேர் கடை வைத்திருந்த பாய், கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "மெஷின் தங்கம் சார், டயல்தான் போச்சு" என்றார். வேறு டயல் போட முடியாதா என்று கேட்டேன். டயலின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கால்கள் உண்டாம். மெஷின் தகட்டில் அதற்கென்று உள்ள துளைகளில் அவை சரியாக இறங்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் அந்த இடம் மாறும். காலை வெட்டிவிட்டு ஒட்டுகிறவர்களும் உண்டு, நான் செய்ய மாட்டேன் என்றார். கடைசியில் டயல் பம்பாய்க்குப் போனது.

மூன்று வாரம் கழித்துப் பளபளவென்று வந்தது. லிப் என்ற எழுத்தும் இருந்தது. அடியில் மட்டும், ஆங்கிலத்தில், ஸ்விஸ் மேட் என்று போட்டிருந்தது!

பாய்க்கு அதில் குற்றம் தெரியவில்லை. ஸ்விஸ் என்றால் உசத்திதானே சார் என்றார். நானும் பேசாமல் கட்டிக்கொண்டேன். பொங்கலுக்குப் புதுச்சேரி போனபோது சித்தப்பா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "பழைய டயல் எங்கேடா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் இது, சுரண்டி மேலே எழுதியிருக்கிறார்கள் என்றேன். கையை விட்டுவிட்டார். அதன் பிறகு அந்த வாட்சைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

ஆபீசில் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே, பதிவேட்டில் சுரண்டாதே என்பதுதான். தப்பாக எழுதினால் ஒற்றைக்கோடு போட்டு அடி, அடித்தது தெரிய வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வை. முப்பத்தைந்து வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தேன். (1993-இல் தென்னார்க்காட்டைப் பிரித்து விழுப்புரம் மாவட்டம் ஆனபோது பெயர்ப்பலகைகளைச் சுரண்டி எழுதினார்கள், அது வேறு கதை.) சித்தப்பா வாட்ச் விஷயத்தில் மட்டும் அந்தப் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

எச்.எம்.டி.க்கும் காலம் மாறியது. 1984-இல் நம் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், ஓசூரில் ஆலை வைத்து பாட்டரி வாட்சுகளைக் கொண்டுவந்தது. சாவி வாட்ச் சரிந்தது. 2016-இல் எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடவே முடிவு செய்துவிட்டார்கள். மூடிய பிறகுதான் பிள்ளைகள் தேடுகிறார்கள். ஜனதாவும் பைலட்டும் ஒரே அடிப்படை மெஷின் என்பதால் டயல் மாற்றுவது சுலபம். இன்று சந்தையில் பைலட் என்று விற்கிறவற்றில் பல, ஜனதாவுக்குப் புது முகம் ஒட்டியவை. முதலிலிருந்தே இப்படித்தான் என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, மாற்றுவதில் தப்பில்லை.

பேரனை நான் தடுக்கவில்லை. கடைத்தெருவில் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கூட்டிப் போனேன். பச்சை டயலின் கால் ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது, நிமிர்த்திப் போட்டார். கழற்றிய கறுப்பு டயலை மெல்லிய காகிதத்தில் சுற்றி, என் சர்க்கரை மாத்திரை டப்பா ஒன்றில் வைத்து, மேலே தேதியும் வாட்சின் பெயரும் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு, "சுருக்கொப்பமும் வைக்கணுமா தாத்தா?" என்றான். வைக்கச் சொன்னேன்.

சித்தப்பாவின் லிப் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தினமும் நாலு நிமிஷம் பின்தங்குகிறது. காலையில் காபிக்கு முன்னால் சாவி கொடுக்கிறேன்.