மூன்று நாய்களுக்கு ஒரு வெண்கலப் பலகை: ஒரு மிஷனரி டாக்டரின் ஈஸ்டர் வாரம்

1/
அட்லாண்டிக் கடலின் மேற்குக் கரையில் நியூஃபவுண்ட்லாந்து என்று ஒரு பெரிய தீவு. அதன் வடமுனையில் செயின்ட் அந்தோணி என்ற சின்ன ஊர். அங்கே ஒரு டாக்டர் தன் வீட்டுக்குள் ஒரு வெண்கலப் பலகை மாட்டி வைத்திருந்தார். அதில் மூன்று பெயர்கள். மூடி, வாட்ச், ஸ்பை.

மூன்றும் நாய்கள். மூன்றையும் கொன்றவர் அந்த டாக்டரேதான்.

ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
டாக்டர் பெயர் வில்ஃபிரட் கிரென்ஃபெல். 1865-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டன் ஹாஸ்பிடலில் மருத்துவம் படித்தார். அங்கே அவருக்கு சர்ஜரி சொல்லிக்கொடுத்தவர் ஃபிரெடரிக் டிரீவ்ஸ். 'யானை மனிதன்' என்று அழைக்கப்பட்ட ஜோசப் மெரிக்கைப் பார்த்துக்கொண்ட அதே டிரீவ்ஸ்.

3/
படிக்கும் காலத்தில் ஒருநாள் டி.எல். மூடி என்ற அமெரிக்கப் பிரசங்கியின் கூடாரக் கூட்டத்துக்குப் போனார். அதுக்கப்புறம் அவர் போக நினைத்த பாதையே மாறிப்போச்சு. லண்டனில் கிளினிக் போட்டு உட்காராமல், ஆழ்கடல் மீனவர்களுக்காக வேலை செய்த ஒரு மிஷனில் சேர்ந்தார். மீன்பிடிக் கப்பல்களுக்கு நடுவே போய் வைத்தியம் பார்க்கிற வேலை.

4/
1892. வயசு 27. 'ஆல்பர்ட்' என்ற பாய்மரக் கப்பலில் அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்து போகிறார். அப்போ அது கனடாவோடு சேராத தனி பிரிட்டிஷ் காலனி. கனடாவில் சேர்ந்தது 1949-ல்தான்.

கப்பல் தலைநகர் செயின்ட் ஜான்ஸை நெருங்கும்போது ஊரே எரிந்து கிடந்தது. அந்த ஜூலை மாதத் தீ விபத்து வரலாற்றில் பதிவான ஒன்று.

5/
அங்கிருந்து வடக்கே லாப்ரடார் கடற்கரை. ஒவ்வொரு கோடையிலும் காட் மீன் பிடிக்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே வரும். வருஷம் முழுக்க அங்கேயே வாழ்ந்த மக்களும் உண்டு. ஆனால் நிரந்தரமாக ஒரு மருத்துவமனை கிடையாது.

அந்த ஒரு கோடையில் மட்டும் அவர் பார்த்த நோயாளிகள் சுமார் 900 பேர். காசநோய், சீழ் பிடித்த காயங்கள், தப்பாகச் சேர்ந்துபோன எலும்புகள்.

6/
நோயை விடக் கொடுமை கடன். வலை, உப்பு, மாவு எல்லாத்தையும் வியாபாரி சீசன் தொடக்கத்தில் கடனாகக் கொடுப்பார். சீசன் முடிவில் பிடித்த மீனை அவரே எடுத்துக்கொள்வார். மீனுக்கு விலை போடுவதும் அவர், மாவுக்கு விலை போடுவதும் அவர். பணத்தைக் கையில் பார்க்காமலேயே வாழ்க்கையை முடித்த மீனவர்கள் உண்டு.

நம்ம ஊர் கந்துவட்டி தெரிந்தவர்களுக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்லை.

7/
ஒரு கோடை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி லெக்சர் கொடுத்து முடித்திருக்கலாம். ஆனா அவர் அடுத்த வருஷமே டாக்டர்கள், நர்ஸ்களோடு திரும்பி வந்தார். 1893-ல் பேட்டில் ஹார்பரில் முதல் மருத்துவமனை. 1894-ல் இந்தியன் ஹார்பரில் இரண்டாவது. பிறகு செயின்ட் அந்தோணி. காலப்போக்கில் அதுதான் தலைமையிடம் ஆச்சு.

8/
இப்போ நம்ம கதைக்கு வருவோம்.

1908 ஏப்ரல் 19. ஈஸ்டர் ஞாயிறு. கிரென்ஃபெல்லுக்கு 43 வயசு. நாட்காட்டியில் வசந்தம், வெளியே இன்னும் குளிர்காலம். கடல் உறைந்து கிடக்குது. கப்பல் வராது. எங்கே போகணும்னாலும் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிதான்.

காலை ஆராதனை முடிந்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் ஒரு பையன் ஓடி வந்து சொல்கிறான்: தெற்கே 60 மைல் தூரத்திலிருந்து டாக்டரைக் கூட்டிப்போக ஆள் வந்திருக்கு.

9/
நோயாளி ஓர் இளைஞன். இரண்டு வாரம் முன்னால் தொடை எலும்பில் ஆபரேஷன் செய்யப்பட்டவன். இப்போ மறுபடியும் சீழ் கட்டி, விஷமேறி, நிலைமை மோசம். காலையே எடுக்க வேண்டி வரலாம்.

10/
இங்கே கொஞ்சம் மருத்துவம் பேசியாகணும்.

இது ஆஸ்டியோமைலைட்டிஸ் மாதிரியான எலும்புத் தொற்று. வளரும் பிள்ளைகளுக்கு அதிகம் வரும். கிருமி ரத்தம் வழியா எலும்புக்குள் போய் உட்காரும். சதை வீங்கினால் விரிந்து இடம் கொடுக்கும். எலும்பு கொடுக்காது. உள்ளே சீழ் அழுத்தம் ஏற ஏற ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போகும்.

11/
அப்போ பெனிசிலின் கிடையாது. சல்ஃபா மாத்திரையும் கிடையாது. இருந்த ஒரே வழி, கிழித்து சீழை வெளியேற்றி, காயத்தைத் திறந்தே வைத்திருப்பது. அது அடியிலிருந்து மேலே ஆறி வரணும்.

அந்தப் பையன் விஷயத்தில் நடந்தது இதுக்கு நேர்மாறு. மேல்தோல் மூடிக்கொள்ள விட்டுட்டாங்க. பார்க்க காயம் ஆறின மாதிரி இருக்கும். உள்ளே சீழ் தேங்கும்.

12/
வீட்டுக்காரங்களைக் குறை சொல்ல முடியாது. காயம் மூடினால் நல்லதுன்னுதானே எல்லாரும் நினைப்போம்? டிரெஸ்ஸிங் மாற்ற நர்ஸ் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரி கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணில் இதே கதையை எங்க ஓ.பி.யில் வாராவாரம் பார்க்கிறோம்.

13/
கிரென்ஃபெல் உடனே கிளம்பினார். வண்டியில் மருந்து, கருவிகள், பேண்டேஜ். இழுக்க எட்டு நாய்கள். தலைவன் பிரின். கூடவே ஜாக் என்ற சின்னக் கருப்பு நாய்.

ஞாயிறு இரவு 20 மைல் தள்ளி ஒரு கிராமத்தில் தங்கல். ராத்திரி மழை. திங்கள் காலை, தூது வந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டு, இவர் பின்னால் தனியாகப் போனார்.

14/
வழியில் ஹேர் பே என்ற விரிகுடா. சுற்றிப் போனால் தூரம் ரொம்ப அதிகம். உறைந்த கடல் மேலே குறுக்கே போனால் நேரம் மிச்சம். உள்ளே ஒரு நோயாளி சீழோடு கிடக்கிறான் என்றால் எந்த டாக்டருக்கும் குறுக்கு வழிதான் கண்ணுக்குத் தெரியும்.

குறுக்கே போனார்.

15/
கடலிலிருந்து கரை நோக்கி வீசிய காற்றுதான் அதுவரைக்கும் பனிக்கட்டிகளை அழுத்திப் பிடித்து வைத்திருந்தது. பாதிக்கு மேல் கடந்தபிறகு காற்று திரும்பியது. கரையிலிருந்து கடலை நோக்கி.

கரை இன்னும் கால் மைல் இருக்கும். காலடியில் இருந்தது கெட்டிப் பனி இல்லை, கூழ் மாதிரி நொறுங்கிய பனி. வண்டியோடு, நாய்களோடு எல்லாரும் தண்ணீருக்குள்.

16/
நாய்களின் வாரை அறுத்துவிட்டார். முன்னால் நீந்திய நாயின் கயிற்றைப் பிடித்துத் தன்னையே இழுத்துக்கொண்டு ஒரு பனித்தட்டின் மேல் ஏறினார். அது ரொம்பச் சின்னது. கொஞ்ச தூரத்தில் பெரிய தட்டு ஒன்று. ஆனா எந்த நாயும் தண்ணீரில் இறங்க மாட்டேங்குது.

ஒரு பனித்துண்டை எடுத்து அங்கே வீசினார். பொருளைக் கவ்விக்கொண்டு வரப் பழக்கப்பட்ட ஜாக் பாய்ந்து போனான். அவனைப் பார்த்து மற்ற நாய்களும் போக, அவற்றின் கயிற்றைப் பிடித்து இவரும் போய்ச் சேர்ந்தார்.

17/
இப்போ கணக்கு போடுங்க. வண்டி போச்சு. கோட், தொப்பி, கையுறை போச்சு. தீ இல்லை, சாப்பாடு இல்லை. உடம்பு முழுக்க ஈரம். பனித்தட்டு கடலை நோக்கி நகருது.

குளிர்ந்த தண்ணீர், காற்றை விட சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். ஈரத்துணியோடு காற்றில் நிற்பதும் உடல் சூட்டை வேகமாக இழக்க வைக்கும். முதலில் நடுக்கம் வரும். அப்புறம் கை விரல் சொன்ன பேச்சு கேட்காது. அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கம்தான் ஆளை முடிக்கும்.

18/
அவர் செய்ததை வரிசையா பாருங்க.

தொடை வரை நீண்ட தோல் காலணியின் மேல்பாகத்தை அறுத்து முதுகுக்குப் போர்வை ஆக்கினார். கயிற்றைப் பிரித்து நாரை காலணிக்குள் அடைத்தார்.

பிறகு மூன்று நாய்களைக் கொன்றார். தோலை உரித்துப் போர்த்திக்கொண்டார். உடல்களை அடுக்கிக் காற்றுக்குத் தடுப்பு வைத்தார்.

19/
அந்த நாய்கள் அவரோடு பல குளிர்காலப் பாதைகளில் ஓடியவை. கையில் இருந்தது ஒரு கத்தி. சர்ஜன் என்பதால் எங்கே குத்தினால் சீக்கிரம் போகும்னு தெரியும். ஆனா நாய்களும் பலசாலிகள், இவர் கையோ மரத்துப்போன கை. சுலபமா நடந்திருக்காது.

இதை அவர் பிற்பாடு வீரச் செயலா சொல்லிக்கொள்ளவில்லை. பலகையில் எழுதியது, அவற்றின் உயிர் தன் உயிருக்காகக் கொடுக்கப்பட்டது என்றுதான்.

20/
இரவு, மிச்சமிருந்த பெரிய நாயை அணைத்துக்கொண்டு படுத்தார். நடுவில் விழித்து, விடிந்துவிட்டதுன்னு நினைத்தார். வந்தது சூரியன் இல்லை, நிலா.

விடிந்ததும் உறைந்துபோன நாய்க் கால்களை ஒன்றோடு ஒன்று வாரால் கட்டி ஒரு கம்பம் செய்தார். சட்டையைக் கழற்றி கொடியாக ஆட்டினார். இதில் இன்னொரு லாபம், கை கால் அசைந்துகொண்டே இருந்தால் சூடும் கொஞ்சம் நிற்கும்.

21/
இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவர்கள் இனிமேல்தான் வர்றாங்க.

முந்தின சாயங்காலமே கரையில் சீல் வேட்டைக்கு வந்தவர்கள் தூரத்தில் பனி மேல் ஏதோ அசைவதைப் பார்த்திருந்தாங்க. இருட்டில், நொறுங்கும் பனிக்கு நடுவே படகு இறக்க வழியில்லை. விடியும் வரை காத்திருந்து, வெளிச்சம் வந்ததும் லாக்ஸ் கோவ் கிராமத்து மீனவர்கள் படகை இறக்கினாங்க.

22/
பனிக்கட்டிகளைத் தள்ளித் தள்ளி வழி செய்யணும். ஒரு பெரிய அலையோ, காற்றில் ஒரு மாற்றமோ போதும், படகு நொறுங்கிடும். மேலே சொன்ன அந்தக் கடன் வாழ்க்கை வாழ்ந்த ஜனங்கள் இவங்க. படகில் சூடான டீயை ஒரு பாட்டிலில் எடுத்துட்டுப் போனாங்க.

அவர் கையைப் பிடித்தபோது யாருக்கும் பேச்சு வரலையாம்.

23/
செவ்வாய், ஏப்ரல் 21. குளிரில் கால் பாதித்து நடக்க முடியாத டாக்டரைச் சறுக்கு வண்டியில் வைத்து அவருடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனாங்க.

சரி, அந்தப் பையன் என்ன ஆனான்?

24/
டாக்டர் அவனிடம் போய்ச் சேரவே இல்லை.

ஓரிரு நாளில் கரையோரப் பனி விலகியது. அவனைப் படகில் ஏற்றி செயின்ட் அந்தோணிக்குக் கொண்டு வந்தாங்க. ஆபரேஷன் நடந்தது. தேறினான்.

25/
அடுத்த வருஷம் 'அட்ரிஃப்ட் ஆன் ஆன் ஐஸ்-பேன்' என்று இதைப் புத்தகமாகப் போட்டார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரிய பெயர். நன்கொடை வந்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது உயிரைப் பணயம் வைத்த ஹீரோ டாக்டரை.

என் வாசிப்பு வேற. அந்த ராத்திரி எந்த நோயாளியையும் காப்பாற்றவில்லை. பையனைக் காப்பாற்றியது, கொண்டுவந்து சேர்க்க ஒரு ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. டாக்டரைக் காப்பாற்றியது ஏழை மீனவர்கள்.

26/
அந்த ஆஸ்பத்திரி செய்த இன்னொரு வேலையைச் சொல்றேன். 1907-ல் பாஸ்டனிலிருந்து ஜான் மேசன் லிட்டில் என்ற சர்ஜன் அங்கே வந்து சேர்ந்தார். அந்தக் கரையில் கால் மரத்து, வீங்கி, நடக்க முடியாமல் பலர் வருவதைப் பார்த்தார். பெரிபெரி. நெல் விளையாத ஊரில் பெரிபெரியா?

காரணம், குளிர்காலம் முழுக்க அவங்க சாப்பிட்ட நன்றாகச் சலித்த வெள்ளை மாவு. தீட்டிய அரிசி ஆசியாவில் செய்ததை அங்கே வெள்ளை மாவு செய்தது. 1912-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார்.

27/
இதைக் கண்டுபிடிக்க யாரும் பனித்தட்டில் மிதக்கவில்லை. ஒரே ஊரில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து, ஒரே மாதிரி வரும் நோயாளிகளைப் பொறுமையாகப் பார்த்ததால் கிடைத்தது.

கிரென்ஃபெல்லுக்கும் இது தெரியும். கடன் வலையை அறுக்க 1896-லேயே ரெட் பே கிராமத்தில் கூட்டுறவுக் கடை தொடங்க உதவினார். அதனால் வியாபாரிகளின் பகையையும் சம்பாதித்தார்.

28/
அவர் செய்ததெல்லாம் சரின்னு சொல்லலை. 1908 தொடக்கத்தில் பாலுக்கும் இறைச்சிக்கும் ஆகும்னு 300 கலைமான்களை ஐரோப்பாவின் வடகோடியிலிருந்து கப்பலில் வரவழைத்தார். அந்தத் திட்டம் கடைசியில் தோற்றது. நன்கொடைக்காக எங்களைப் பிச்சைக்காரர்கள் மாதிரி காட்டுகிறார் என்று நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களுக்கே கோபம் இருந்தது. அதில் நியாயமும் உண்டு.

1940-ல் இறந்தார். அவர் அஸ்தி செயின்ட் அந்தோணியில், ஊருக்கு மேலே ஒரு குன்றில் இருக்கிறது.

29/
மலைக் கிராமத்திலிருந்து நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வரும் வீடியோ வரும்போதெல்லாம், நடந்தே போய் வைத்தியம் பார்த்த டாக்டரைப் பாராட்டி ஆயிரம் பேர் பகிர்வோம். பாராட்டுங்க, தப்பில்லை. கூடவே அந்த ஊருக்கு ரோடு எப்போ, துணை சுகாதார நிலையம் எப்போன்னும் கேளுங்க. ஒரு டாக்டர் ஹீரோ ஆக வேண்டிய அவசியம் வந்தால், அந்த இடத்தில் ஏதோ ஒன்று இல்லை என்று அர்த்தம்.

30/
கடைசியா டாக்டரா ஒரு வார்த்தை. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டிரெஸ்ஸிங்குக்கு வரச் சொன்ன தேதியை விட்டுடாதீங்க. மேலே தோல் மூடியதால் உள்ளே ஆறிவிட்டதுன்னு அர்த்தம் இல்லை. வலி கூடினால், காய்ச்சல் வந்தால், வீக்கம் திரும்பினால் அன்றைக்கே வாங்க. உங்களுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கு, நடுவில் உறைந்த கடல் இல்லை.